ஜனவரி முதல் நாள் பிறந்தவர்கள்

"உன் வயது என்ன?" என்பது எல்லா நாட்டுப் பள்ளிகளிலும் முதல் நாளன்று கேட்கப்படும் கேள்வி. விடை எளிது என்று நாம் எண்ணுகிறோம். அவ்விடை நமக்கு எவ்வாறு கிடைத்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் பிறந்ததை நாம் அறியோம். அறிந்தவர்கள் சொல்லக் கேட்டு வைத்திருக்கிறோம். தாய் சொன்னாள், தாய் மறந்திருந்தால் பாட்டி திருத்தினாள், இருவரும் இல்லையெனில் ஊரில் ஒரு பெரியவர், "ஏரி உடைந்த ஆண்டில் பிறந்தவன் இவன்" என்றார். தன் வயதைச் சொல்லத் தெரிந்தவன், தன்னைத் தொட்டில் முதல் அறிந்தவர் ஒருவரையாவது உடையவன்.

2000, 2001 ஆகிய ஆண்டுகளில், தென் சூடானிலிருந்து வந்த அகதி இளைஞர் ஏறத்தாழ 3,800 பேரை அமெரிக்க ஐக்கிய நாடு குடியேற்றிக்கொண்டது. அவர்கள் கையிலிருந்த தாள்களை ஒருவர் வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் ஒரு புதுமையைக் கண்டிருப்பார். அவர்களுள் மிகப் பலருக்குப் பிறந்தநாள் ஒன்றே: ஜனவரி முதல் நாள். ஆண்டு மட்டுமே வேறுபட்டது. அந்த ஆண்டும், முகாமில் ஓர் அதிகாரி உயரத்தையும் முகத்தையும் பார்த்து மதிப்பிட்டு எழுதியதே. உண்மையான நாளைச் சொல்லக்கூடியவர்கள் அப்பிள்ளைகளின் அருகில் இல்லை.

சேர்க்கைப் பதிவேட்டில் நெடுங்காலம் கையெழுத்திட்டவன் ஆதலால் இச்செய்தி என் உள்ளத்தில் தைத்தது. நம் சிற்றூர்ப் பள்ளிகளில், வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, விரல் காதை எட்டினால் ஐந்து வயது நிறைந்தது என்று கொள்ளும் வழக்கம் இருந்ததை நேயர்களுள் பலர் அறிவர். தேதி தெரியாத பிள்ளைக்கு மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு நாளை எழுதிவிடுவோம். அவ்வாறு ஏட்டில் மட்டும் ஜூன் மாதத்தில் பிறந்து, அந்தத் தேதியின்படியே பணி ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே பலர். ஆயினும் அந்தப் பிள்ளை மாலையில் வீடு திரும்பினான். நாங்கள் எழுதிய தேதி பொய் என்று அறிந்த தாய் அவ்வீட்டில் இருந்தாள். சூடான் நாட்டுப் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட தேதியைப் பொய்யென்று சொல்ல ஒருவரும் இல்லை. தனிமை என்பது என்ன என்று என்னைக் கேட்டால், இதனையே முதலில் சுட்டுவேன்.

இனி, இவர்கள் யாவர் என்பதைச் சொல்ல வேண்டும்.

1983ஆம் ஆண்டில் சூடான் நாட்டில் வடபகுதி அரசுக்கும் தென்பகுதிக் கிளர்ச்சிப் படைக்கும் இடையே இரண்டாம் உள்நாட்டுப் போர் மூண்டது. 2005 வரை நீடித்த அப்போரில் போராலும் பஞ்சத்தாலும் நோயாலும் இறந்தோர் ஏறத்தாழ 20 லட்சம் பேர் என்பர். தென்பகுதியில் வாழும் குலங்களுள் பெரியது டிங்கா, அடுத்தது நூவர். இருவரும் மாடு மேய்ப்பவர்கள். மாடே அவர்களுக்குச் செல்வம், மாடே மணப்பரிசம், பாட்டிலும் மாடே. சிறுவர்கள் ஊருக்கு வெளியே ஆநிரைகளோடு இருப்பது வழக்கம். படைகளும் கொள்ளைக் கூட்டங்களும் ஊரைத் தாக்கித் தீயிட்டபோது, ஊருக்குள் இருந்தவர்கள் மாண்டனர் அல்லது பிடிபட்டனர். மேய்ச்சல் நிலத்தில் இருந்த சிறுவர்கள் புகையைக் கண்டு காட்டுக்குள் ஓடினர். வீட்டில் தாயோடு இருந்த பெண் குழந்தைகளுள் தப்பியவர் குறைவு. தப்பியவர்களுள் ஆண்பிள்ளைகள் மிகுந்திருந்ததற்கு இது ஒரு காரணம்.

1987 முதற்கொண்டு அவர்கள் கிழக்கு நோக்கி எதியோப்பியாவுக்கு நடந்தனர். மொத்தம் 20,000 பேர் அளவில் இருக்கலாம் என்பது பெரும்பாலோர் தரும் கணக்கு. ஐந்து வயதுப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். வழியில் நீரின்றி மாண்டவர் பலர். காட்டு விலங்குக்கு இரையானவரும் உண்டு. எதியோப்பியாவில் பின்யூடோ முதலிய முகாம்களில் நான்கு ஆண்டுகள் போல் வாழ்ந்தனர். அங்கே எழுத்தறிவும் கற்பிக்கப்பட்டது. கிளர்ச்சிப் படையினர் வந்து சிறுவர்களைப் பொறுக்கிப் போர்ப்பயிற்சி தந்ததும் உண்டு. இதனை மறைத்துச் சொல்வது முறையன்று. 1991 மே மாதத்தில் எதியோப்பிய ஆட்சியாளர் மெங்கிஸ்து நாட்டை விட்டு ஓடினார். முகாமிலிருந்தோர் துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டனர். மழைக்காலத்து வெள்ளம் பெருகி ஓடிய கீலோ ஆற்றில், நீந்தத் தெரிந்தோரும் தெரியாதோரும் குதித்தனர். வெள்ளமும் முதலையும் தோட்டாவும் கொண்டவை போக எஞ்சியோர் மீண்டும் சூடானுக்குள் புகுந்து, தெற்கே நடந்து, 1992இல் கெனியா நாட்டின் வடமேற்கிலுள்ள கக்கூமா என்னும் வறண்ட இடத்தை அடைந்தனர். அவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுக்காகவே அங்கு ஒரு முகாம் அமைக்கப்பட்டது.

தொண்டர்கள் இவர்களைத் 'தொலைந்த பிள்ளைகள்' என்று அழைத்தனர். பீட்டர் பான் என்னும் ஆங்கிலக் கதையில் வளராமலே சிறுவராய் இருந்துவிடும் கூட்டத்துக்கு அப்பெயர். அது எனக்கு உவப்பான பெயர் அன்று. இன்று நாற்பதைக் கடந்து, தலை நரைக்கத் தொடங்கிய பின்னும் செய்தித்தாள்கள் இவர்களைப் 'பிள்ளைகள்' என்றே எழுதுகின்றன. ஆயினும் உலகம் அறிந்த பெயர் அதுவாகையால் அதனை முற்றிலும் விலக்க இயலாது.

இங்கு நேயர்கள் ஒன்றனைக் கருத வேண்டுகிறேன். அந்த நெடிய நடையில் அவர்களுக்கு உணவு இல்லை, காலணி இல்லை, தாய் தந்தை இல்லை. ஆனால் துணை இருந்தது. பெரிய பிள்ளை சிறிய பிள்ளையைத் தோளில் சுமந்தான். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஏழு வயதுச் சிறுவனுக்குத் தந்தையானான். கக்கூமாவிலும் அவ்வாறே. சிறு கூட்டங்களாகக் குடிசை அமைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளக்கப்படும் மக்காச்சோளத்தையும் பயற்றையும் ஒன்றாக இட்டுக் காய்ச்சி, ஒரே கலத்தைச் சுற்றி உண்டனர். பங்கு தீர்ந்துபோகும் என்று அஞ்சி, பலர் நாளுக்கு ஒரு வேளையே உண்டனர். உண்ணாத நாளும் உண்டு. ஆனால் ஒருவனாக உண்ட நாள் இல்லை.

பள்ளியும் இருந்தது. மரத்தடியில் மணலில் விரலால் எழுதிக் கற்றவர்கள், கக்கூமாவில் கெனியப் பாடத்திட்டப்படி வகுப்புகளில் அமர்ந்தனர். கல்வியே எங்களுக்குத் தாயும் தந்தையும் என்ற கருத்து அம்முகாமில் ஒரு வழக்காகவே இருந்தது. ஆசிரியர் கூட்டங்களில் இவ்வகைச் சொற்களை நாமும் சொல்வதுண்டு, கைதட்டலும் பெறுவதுண்டு. அங்கே அது சொல்லணி அன்று. வேறு தாய் தந்தை இல்லாதவன் சொன்னது.

எட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்த பின், அமெரிக்கா இவர்களை ஏற்க முன்வந்தது. பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பெயர்கள் முகாமில் ஒரு பலகையில் ஒட்டப்பட்டன. தேர்வு முடிவு ஒட்டப்படும் நாளில் பள்ளிச் சுவரின் முன் கூடும் கூட்டத்தை நான் அறிவேன். பெயரைக் கண்டவனும் காணாதவனும் ஒரே நொடியில் இரு வேறு மனிதராவதைப் பார்த்திருக்கிறேன். கக்கூமாவில் அப்பலகை குடும்பங்களைப் பிரித்தது. ஒரே கலத்தில் உண்டவர்களுள் ஒருவன் பெயர் இருந்தது. இன்னொருவன் பெயர் இல்லை. 2001 செப்டம்பர் 11இல் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் குடியேற்றம் நிறுத்தப்பட்டது. அன்றுவரை பலகையில் பெயர் வாராதவர்கள் அங்கேயே தங்கிவிட்டனர்.

சென்றவர்களின் நிலை என்ன? பாலைவெயிலில் வளர்ந்தவர்கள் ஃபார்கோ நகரத்துப் பனியில் இறங்கினர். ஏணிப்படி, மின்விளக்கு, குளிர்ப்பெட்டி ஆகியவற்றை அவர்கள் கண்டு திகைத்ததைப் பற்றிப் பத்திரிகைகள் வேண்டிய அளவுக்கு மேலாகவே எழுதின. நான் அதனை விரிக்கப்போவதில்லை. விளக்குப் பொத்தானை ஒருவன் ஒரே நாளில் கற்றுக்கொள்வான். அவர்களால் எளிதிற் கற்க முடியாதது வேறொன்று.

தாளில் எழுதப்பட்ட வயது இப்போது வேலை செய்யத் தொடங்கியது. பதினெட்டு நிரம்பாதவர் என்று எழுதப்பட்டவர்களுக்கு வளர்ப்புக் குடும்பமும் பள்ளியும் கிடைத்தன. பதினெட்டு நிரம்பியவர் என்று எழுதப்பட்டவர்கள் மூவராகவும் நால்வராகவும் ஒரு வாடகை வீட்டில் அமர்த்தப்பட்டனர். உதவிச் சங்கங்களின் முதற்கட்ட ஆதரவுக்குத் தவணை ஏறத்தாழ மூன்று மாதம்; அதற்குள் வேலை தேடிக்கொள்ள வேண்டும்; விமானக் கட்டணமும் கடனாகவே தரப்பட்டது ஆதலால் அதனைத் திருப்பிக் கட்ட வேண்டும். முகத்தைப் பார்த்து ஒருவர் இட்ட எண், ஒருவனைப் பள்ளிக்கும் மற்றவனை இறைச்சித் தொழிற்சாலைக்கும் அனுப்பியது. இருவருக்கும் உண்மையில் ஒரே வயதாக இருந்திருக்கலாம். கல்வியைத் தாய் தந்தை என்று நம்பிக் கடல் கடந்தவனுக்கு, முதல் மாதத்திலேயே, "நீ பள்ளிக்கு உரிய வயதைக் கடந்துவிட்டாய்" என்று சொல்லப்பட்டால் அவன் உள்ளம் என்ன பாடுபடும்! அமெரிக்க அரசையோ தொண்டர்களையோ நான் குறை கூறவில்லை. ஆயினும் ஏட்டில் ஓர் எண்ணை எழுதுபவன், அது ஒரு பிள்ளையின் வாழ்வை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அறிந்து எழுதுவதில்லை. நானும் அறிந்து எழுதியவன் அல்லன்.

வாடகை வீட்டில் வாழ்ந்த நால்வரைப் பார்ப்போம். ஒருவனுக்கு விமான நிலையத்தில் சுமை ஏற்றும் வேலை. ஒருவனுக்கு உணவு விடுதியில் தட்டுக் கழுவும் வேலை. ஒருவனுக்கு இரவில் தொழிற்சாலை. ஒருவனுக்குக் காலையில் கடை. ஒருவன் வீடு திரும்பும்போது மற்றவன் புறப்படுகிறான். ஓய்வு நாளும் ஒன்றாக அமைவதில்லை. குளிர்ப்பெட்டி நிறைய உணவு இருக்கிறது. அவரவர் திறந்து அவரவர் உண்கின்றனர். பஞ்சத்தில் ஒரே கலத்தில் உண்டவர்கள் நிறைவில் தனித்தனியே உண்டனர். ஆயிரம் காதம் நடந்தும் கலையாத கூட்டத்தை வேலை அட்டவணை கலைத்துவிட்டது.

கூடி நடப்பதற்கும் இடையூறு வந்தது. இவர்களைப் பற்றி 2006இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் இதனைக் காணலாம். பிட்ஸ்பர்க் நகரில் இவ்விளைஞர்கள் வழக்கம்போல் பலராகச் சேர்ந்து கடைகளுக்குச் சென்றனர். நெடிய உருவமும் கறுத்த நிறமும் கொண்ட பலர் ஒன்றாக நுழைவதைக் கண்ட கடைக்காரர்கள் அஞ்சினர்; புகார் சென்றது; பெருங்கூட்டமாகப் போகாதீர்கள் என்று இவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. சிங்கத்துக்கு அஞ்சிக் கூட்டமாக நடக்கக் கற்றவர்களிடம், கூட்டமாக நடப்பதே பிறரை அஞ்சச் செய்கிறது என்று சொல்லப்பட்டது. அறிவுரை சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். இதில் யாரை நோவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெயரிலும் ஒரு துன்பம் நேர்ந்தது. டிங்காப் பிள்ளை தன் பெயரை அடுத்துத் தந்தை பெயரையும், அதனை அடுத்துப் பாட்டன் பெயரையும் சொல்வான். அதற்கு மேலும் பல தலைமுறைகளை ஒப்பிக்கக் குழந்தைப் பருவத்திலேயே பழக்கப்படுவான். அமெரிக்கப் படிவத்திலோ இறுதிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தந்தையோ பாட்டனோ போய் அமர்வார். அலுவலகத்தில் அழைக்கும்போது அப்பெயராலேயே அழைப்பர். வெளிநாடு சென்ற தமிழர், தம்மைத் தம் தந்தையின் பெயரால் பிறர் விளிக்கக் கேட்டுத் திடுக்கிடுவதை நாம் அறிவோம். நம்மவர் மாலையில் தொலைபேசியில் அதனைச் சொல்லித் தந்தையோடு சிரிப்பர். இவ்விளைஞனுக்கு, அந்தப் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது.

இதனைச் சிறிது விளக்க வேண்டும். இறந்தவர்க்கு அழுது ஆறலாம். எரித்தோம், புதைத்தோம், பால் தெளித்தோம் என்று ஒரு முடிவு உண்டு. இருக்கிறாரோ இல்லையோ என்று அறியாத இடத்தில் அழுகைக்கும் இடமில்லை, ஆறுதலுக்கும் இடமில்லை. பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் ஒரு பெயரை இட்டார். மிச்சிகன் மாநிலத்து ஆய்வாளர்கள் 2008இல் சூடான் இளைஞர்களின் துன்பத்தை இப்பெயரைக் கொண்டே ஆராய்ந்தனர். அதற்கு முன், 2005இல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ப்புக் காப்பில் இருந்த 304 சூடான் இளையோரை எடுத்துக்கொண்டது. அவர்களுள் ஐந்தில் ஒருவருக்கு, கண்ட கொடுமைகளால் வரும் மனநோய் இருந்தது. அந்நோயோடு சேர்ந்து காணப்பட்டவை இரண்டு: முன்பு தம் உடலில் பட்ட காயம்; இப்போது உற்றாரின்றி ஒதுங்கி வாழும் நிலை. காயத்தைப் பிறகு வந்தவர்களால் மாற்ற முடியாது. மற்றதையேனும் மாற்றலாம் அன்றோ?

லோப்பஸ் லோமாங் என்பவரின் கதை இங்கு நினைவுக்கு வருகிறது. அவர் டிங்கா அல்லாத வேறொரு சிறு குலத்தவர். ஆறு வயதில் கோயில் வழிபாட்டின்போது படையினரால் கவரப்பட்டு, மூத்த பிள்ளைகள் மூவர் கைப்பிடித்து இழுத்து ஓட, கெனியாவை அடைந்து கக்கூமாவில் வளர்ந்தார். 2001இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் வளர்ப்புக் குடும்பம் கிடைத்தது. ஓட்ட வீரராகி, 2008இல் பீஜிங் ஒலிம்பிக் விழாவின் தொடக்க அணிவகுப்பில் அமெரிக்கக் கொடியை ஏந்திச் சென்றார். உலகம் அறிந்தது இதுவரை. இதற்கிடையில், சூடானில் அவருடைய பெற்றோர் பிழைத்திருந்தனர் என்ற செய்தி வந்தது. 2007இல் ஊர் சென்றார். அங்கே அவருக்கு ஒரு கல்லறை இருந்தது. மகன் மாண்டான் என்று கருதிய பெற்றோர் ஈமக்கடன் முடித்து, கற்களைக் குவித்து வைத்திருந்தனர். அவர் வந்த பின் அக்கல்லறையைக் கலைத்து, அவரை மீண்டும் உயிருடையார் கூட்டத்தில் சேர்த்தனர். பிள்ளை பெற்றோரை இறந்தவராக எண்ணி ஒரு கண்டத்திலும், பெற்றோர் பிள்ளையை இறந்தவனாக எண்ணி வேறொரு கண்டத்திலும் ஆண்டுகள் பல வாழ்ந்திருக்கின்றனர்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் மடல்கள் வாயிலாகவும், நாடு திரும்பியவர் வாய்மொழியாகவும் இவ்வாறு உறவைக் கண்டுபிடித்தோர் பலர். ஆனால் கண்டுபிடித்ததோடு தனிமை தீர்ந்ததா? தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. கக்கூமாவில் காலை எட்டு மணி என்றால் அமெரிக்காவின் கீழைக் கரையில் அது நள்ளிரவு. தம்பிக்குப் பள்ளிச் சம்பளம், அத்தை மகளுக்கு மருந்து, முகாமில் விடப்பட்ட தோழனுக்கு உடை என்று ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு தொகை இருந்தது. மணிக்கணக்கில் கூலி பெறும் இளைஞன் தன் வாடகை போக எஞ்சியதை அனுப்பினான். அமெரிக்காவில் இருக்கிறான் ஆதலால் செல்வன் என்று அங்குள்ளோர் கருதினர். தான் இரவில் தட்டுக் கழுவுவதை அவன் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். இங்குள்ளவருக்கு அங்குள்ளதை விளக்க இயலாது. அங்குள்ளவருக்கு இங்குள்ளதை விளக்க இயலாது. இடையில் நிற்பவன் இரு பக்கமும் ஊமையாகிறான். வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பிய நம் ஊர் இளைஞர்கள் இதனை என்னிடம் வேறு சொற்களில் சொல்லியிருக்கின்றனர்.

ஆயினும் அந்த அழைப்பை அவர்கள் சுமையாக மட்டும் கருதவில்லை. நள்ளிரவில் எழுப்பிப் பணம் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? உறவினருக்கே உண்டு. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதனால், தான் ஒருவருக்கு உரியவன் என்பதும் உறுதியாயிற்று.

திருமணத்திலும் இதே சிக்கல். டிங்கா மரபில் மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்கு மாடுகளைப் பரிசமாக அளிக்க வேண்டும். அதனைத் தருபவர் தந்தையும் சிற்றப்பன்மாரும். மாடும் இல்லை, தந்தையும் இல்லை என்ற நிலையில், இளைஞன் மாட்டின் விலையை டாலராகக் கணக்கிட்டு ஆண்டுக்கணக்கில் சேர்த்தான். பெரியவர்கள் தொலைபேசியில் பேசி முடித்தனர். தன் குலத்துப் பெண்ணைத் தேடி அவன் கக்கூமாவுக்கோ கம்பாலாவுக்கோ பறக்க வேண்டியிருந்தது. ஏனெனில் அமெரிக்காவுக்கு வந்த பெண்கள் மிகக் குறைவு.

அக்குறைவுக்கு உரிய காரணத்தைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. முதலில் குடியேற்றப்பட்ட 3,800 பேருள் பெண்கள் நூற்றுக்கும் குறைந்தவர். 89 பேர் என்பது வழக்கமாகத் தரப்படும் எண். பெண் குழந்தைகளும் அதே வழியில் நடந்தனர். அதே ஆற்றைக் கடந்தனர். ஆனால் முகாமில் பெண்பிள்ளை தனித்திருக்கலாகாது என்ற மரபுப்படி அவர்களை ஏதேனும் ஒரு குடும்பத்தில் சேர்த்துவிட்டனர். ஆதரவற்ற சிறுவர் என்ற பட்டியலில் அதனால் அவர்கள் பெயர் ஏறவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஆதரவற்றோரை அமெரிக்கா அழைத்தபோது, ஏட்டின்படி அவர்களுக்கு வீடு இருந்தது. அவ்வீடுகளுள் பலவற்றில் அவர்கள் வேலைக்காரிகளாக இருந்தனர். பரிசத்துக்காக மணம் செய்து கொடுக்கப்பட்டவரும் உண்டு. மீண்டும் ஏடுதான். பிள்ளைகளுக்கு வயதைத் தவறாக எழுதியது. பெண்களை எழுதாமலே விட்டது. 'தொலைந்த பிள்ளைகள்' என்று உலகம் ஆண்களுக்குப் பெயர் சூட்டியது. உண்மையில் கணக்கில் தொலைந்தவர்கள் இப்பெண்களே.

2005இல் போர் முடிந்து ஒப்பந்தம் ஏற்பட்டது. 2011 ஜனவரியில் தென் சூடான் மக்கள் தனிநாடு வேண்டுமா என்று வாக்களித்தனர். வெளிநாட்டில் வாழ்வோருக்கும் வாக்குரிமை தரப்பட்டதால், அமெரிக்காவில் சிதறிக் கிடந்தவர்கள் நெடுந்தொலைவு வண்டியில் பயணம் செய்து, பீனிக்ஸ், ஓமாகா, நாஷ்வில் முதலிய நகரங்களில் அமைந்த சாவடிகளில் கூடினர். பத்தாண்டுகளாகக் காணாதவர்கள் அங்கு ஒருவரையொருவர் கண்டனர். நூற்றுக்கு 98 பேருக்கு மேல் விடுதலைக்கே வாக்களித்தனர். ஜூலை 9ஆம் நாள் புதிய நாடு பிறந்தது. அவர்களுள் பலருக்கு, ஐயமின்றித் தேதி தெரிந்த முதற் பிறப்பு அதுவாகவே இருந்திருக்கும்.

அம்மகிழ்ச்சி மூன்று ஆண்டு நிலைக்கவில்லை. 2013 டிசம்பரில் புதிய நாட்டுக்குள்ளேயே போர் மூண்டது. இம்முறை பிளவு டிங்காவுக்கும் நூவருக்கும் இடையே பெரிதாக ஓடியது. அதன் அதிர்ச்சி அமெரிக்க நகரங்களிலும் எட்டியது. கக்கூமாவில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே தேவாலயத்தில் பாடியவர்கள், ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு ஒருவர் செல்லத் தயங்கினர். அயல்நாட்டில் தம் மொழியையும் துயரையும் அறிந்தவர் சிலரே. அச்சிலரும் இரண்டாகப் பிரிந்தால் எஞ்சுவது எவ்வளவு?

இத்தனைக்கும் இடையில் அவர்கள் வாழ்வை அமைத்துக்கொண்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். இரவில் உழைத்துப் பகலில் கல்லூரி சென்று பட்டம் பெற்றவர்கள் பலர். ராச்செஸ்டர் நகரில் குடியேறியிருந்த சால்வா டூட் என்பவர், தம் தந்தை உயிரோடு இருப்பதை அறிந்து ஊர் சென்றார். தூய்மையற்ற நீரால் வந்த நோயோடு மருத்துவமனையில் தந்தையைக் கண்டார். திரும்பி வந்து, 2003இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, தென் சூடான் சிற்றூர்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டச் செய்தார். அட்லாண்டாவில் குடியேறிய வலென்டினோ அச்சாக் டெங் என்பவரின் வாழ்வை டேவ் எகர்ஸ் என்னும் எழுத்தாளர் 2006இல் புதினமாக எழுதினார். அதில் வந்த பணத்தைக் கொண்டு டெங் தம் ஊராகிய மரியால் பாயில் 2009இல் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார். பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் அங்கு ஏற்பாடு செய்யப்பட்டது. இதனைப் படித்தபோது, அப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எழுந்தது. அதில் பிறந்த தேதிக்கு உரிய கட்டத்தில், தாயைக் கேட்டு எழுதிய தேதிகள் எத்தனை இருக்கும்!

கக்கூமா முகாம் மூடப்படவில்லை. 1992இல் சில ஆண்டுகளுக்கென்று அமைக்கப்பட்ட அது, அருகிலுள்ள கலோபேயி குடியிருப்பையும் சேர்த்து, இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடமாக இருக்கிறது. 2013க்குப் பின் வந்த தென் சூடான் மக்களும் அங்கே மிகுதி. தாய் தந்தையின்றி வந்த பிள்ளைகளும் அவர்களிடையே உண்டு. அம்முகாமிலும் கெனிய நகரங்களிலும் படிக்கும் இளையோர் பலருக்குப் பள்ளிச் சம்பளம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அனுப்புகிறவர்களுள், ஒரு காலத்தில் அதே மணலில் விரலால் எழுதிப் படித்து, பலகையில் தம் பெயரைக் கண்டு புறப்பட்டவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகளும் பிறந்துவிட்டனர். அப்பிள்ளைகளின் பிறந்தநாள் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு தேதிகளில் வருகிறது. தந்தையின் தாளில் மட்டும் ஜனவரி முதல் நாளே இருக்கிறது.